அத்தானின் மூன்றாவது சக்கரம்

என் அத்தான் ராஜையன் ஓடுகிற வண்டியிலிருந்து ஒருநாளும் விழுந்ததில்லை. நிற்கிற வண்டியிலிருந்துதான் விழுவார். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலியும் உண்டு. அக்காவைக் கட்டியவரைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வது? இடது முட்டி தேய்ந்து, ஆபரேஷனும் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கால் உடம்புப் பாரத்தைத் தாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. வீட்டுப் படியில் நின்று புல்லட்டில் ஏறிக் கிளப்பிவிட்டால் அவர் ராஜாதான். ஆனால் எந்த வண்டியும் எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும்? நின்றதும் பழக்கத்தில் இடதுகாலை ஊன்றுவார். கால் மடங்கும். புல்லட்டும் அவரும் சாவகாசமாகச் சாய்ந்து தரையில் படுத்துக்கொள்வார்கள்.

அத்தான் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கணவாய்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனி ஆடியில் குடை விரிக்க முடியாது, கொடியில் துணி காயப்போட முடியாது. பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து போனால் காற்று தள்ளிக்கொண்டுபோய் ஏதாவது தோட்டத்தில் இறக்கிவிடும். அதனால் நாங்கள் எல்லோருமே காற்றின்மேல் சாய்ந்துதான் ஓட்டுவோம். நாகர்கோவில் போகும்போது வலதுபக்கம் சாய்வு, திரும்பி வரும்போது இடதுபக்கம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அது பாட்டுக்கு வந்துவிடும். எங்களில் அத்தானின் சாய்வு தனி அழகு. பின்னால் இருக்கும் ஆளுக்கு ஒரு குலுக்கல் தெரியாது.

பின்னால் இருக்கும் ஆள் என் அக்கா ராஜபாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இருவரும் இராஜாக்கமங்கலம் போய்க் கடற்கரையில் மீன் வாங்கி வருவார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் மீனே கிடைக்காதது போல! அவ்வளவு தூரம் போய்விட்டு ரெண்டு கூறு சாளையோடு திரும்பி வந்த நாட்களும் உண்டு. போக வேண்டும், அவ்வளவுதான். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து வலதுகையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்கப் பேசுவாள். குளத்தில் தாமரை பூத்துவிட்டது, இந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், அந்த வாழை குலை தள்ளிவிட்டது. அத்தான் காற்றுக்குள்ளிருந்து "ம்" என்பார். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கமாட்டார்.

முட்டி போன பிறகு முதல் தடவை டீக்கடை முன்னால் விழுந்தார்கள். அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அடுத்த தடவை கல்யாண மண்டப வாசலில். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, கையில் பரிசுப் பொட்டலம். சபையார் மொத்தமும் வாசலில் நிற்கிறார்கள். போதகரே ஓடிவந்து தூக்கிவிட்டார்.

"இனி நான் இதுல ஏறமாட்டேன்," என்றாள் அக்கா. "ஒண்ணு ஒங்க காலு சரியாவட்டு, இல்லேண்ணா வண்டி சரியாவட்டு."

அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த சனிக்கிழமை கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. புல்லட்டில் பஸ்ஸின் பின்னாலேயே போனார். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இவரால் நிற்க முடியாதே! ஆள் ஏறி இறங்கி முடிகிறவரை பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்.

"ஒரு ஆளு கோயில சுத்துத மாதிரி பஸ்ஸ சுத்துதாரே, ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கண்டக்டர் கேட்டாராம்.

"யாருண்ணு தெரியல்ல," என்றாளாம் அக்கா.

இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் அத்தான் என் தையல் கடைக்குக் கம்பு ஊன்றி நடந்து வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, அவ பின்னால இல்லாம அந்த ரோட்டுல போவதுக்கு எனக்கு மனசே வரல்ல," என்றார். "காதுக்குள்ள அவ பேச்சு இல்லேண்ணா எங்க போறேன்னே தெரியல்ல, கேட்டியா?"

கண் கலங்கியிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவரை வடசேரியில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஜெபிஷிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜெபிஷின் பட்டறையில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. முன்பக்கம் கியர் இல்லாத ஸ்கூட்டர். பின்னால் ஒற்றைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அகலமான அச்சில் இரண்டு சக்கரம். காகிதங்கள் எல்லாம் முறையாக இருந்தன. மேலே ஏறி நின்று ஆட்டினாலும் வண்டி அசையாது. அத்தான் அதன்மேல் உட்கார்ந்து முகம் மலர்ந்தார், அப்போதே விலை பேசி வாங்கினார். புல்லட்டை அன்றைக்கே எனக்குத் தந்துவிட்டார். நானும் வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன்.

மறுநாள் காலை அக்காவுக்குத் தெரியாமல் வெள்ளோட்டம். வண்டி நாகர்கோவில் ரோட்டில் ஜோராகப் போனது. பூந்தோட்டங்கள் நிறைந்த தோவாளை தாண்டியதும் வலதுபக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? அத்தான் காற்றின்மேல் சாய்ந்து வலதுபக்க ஹேண்டிலை முன்னால் தள்ளி ஓர் அமுக்கு அமுக்கினார். புல்லட்டாக இருந்தால் அது பணிவாக வலதுபக்கம் சாய்ந்திருக்கும். இது சாயவில்லை. ஹேண்டில் திரும்பிய இடதுபக்கமே திரும்பியது. ரோட்டைவிட்டு இறங்கி, வேலியைப் பிரித்துக்கொண்டு, யாருடைய பிச்சித் தோட்டத்துக்குள்ளேயோ போய் நின்றது. அடி எதுவும் இல்லை. தலையிலும் சட்டைப்பையிலும் பூவோடு வீட்டுக்கு வந்தார். எங்கே போனீர்கள் என்று அக்கா கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"அண்ணாச்சி, இது சாயாது. திருப்பத்தான் செய்யணும்," என்று ஜெபிஷ் பொறுமையாகச் சொன்னான். "காத்து வந்தா நீங்க ஒண்ணும் செய்யாம சும்மா இரிங்க, போரும்."

சும்மா இருப்பது அத்தானுக்கு வராது. ஒரு வாரம் ஜெபிஷைத் துணைக்கு வைத்துக்கொண்டு சர்ச் மைதானத்தில் பழகினார். வலதுபக்கம் போக நினைத்தால் வண்டி இடதுபக்கம் போகும், இடது என்றால் வலது. வளைவில் உடம்பைச் சாய்த்து அவர் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பார், வண்டி நேராகப் போகும். நிறுத்தும்போது இன்னும் மோசம். கால் ஊன்றத் தேவையில்லாத வண்டியில் காலை ஊன்றுவார். பின்சக்கரம் மெல்ல உருண்டுவந்து செருப்பின்மேல் ஏறி நிற்கும். காலை மட்டும் எப்படியோ உருவிக்கொள்வார். இப்படி ஒரு நல்ல தோல்செருப்பு போனது. நான் இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல், இதற்குப் பேசாமல் மாடு வாங்கி ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா சர்ச் படியில் உட்கார்ந்து தினமும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் எழுந்து வந்தாள்.

"எறங்குங்க. நான் ஒண்ணு இருந்து பாக்கேன்."

"ஏட்டி, நீ சைக்கிளே விட்டதில்லியே!"

"நீங்க முப்பது வருசம் விட்டுத்தானே இந்தக் கெதி?"

அத்தான் இறங்கினார். அக்கா சேலையை ஒதுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபிஷ் காட்டியபடி ஆக்சிலேட்டரைத் தொட்டாள். வண்டி நகர்ந்தது. வேப்பமரம் வரை போய், திருப்ப வேண்டிய பக்கம் திருப்பி, வந்த வழியே வந்து நின்றாள். சாயவில்லை, காலை ஊன்றவில்லை. சாயவேண்டும், ஊன்றவேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாதே! ஜெபிஷ் கைதட்டினான்.

அத்தான் தட்டவில்லை. அன்றைக்குப் பிறகு மைதானத்துக்கே வரவில்லை. என் கடைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அவ ஓட்டுவா. அப்பம் நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்னால எடம் கெடக்கில்லா அத்தான்? இத்தன காலமும் அங்க யாரு இருந்தா?"

அவர் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கொடுத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார். ரொம்பப் பேசிவிட்டோமோ என்று எனக்கு இரவெல்லாம் உறுத்தல். மறுநாள் காலையில் அவர்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு எல்.எல்.ஆர். போடப் போனார் என்று ஜெபிஷ் சொல்லித்தான் தெரியும்.

லைசென்ஸ் பரிசோதனைக்கு நானும் போயிருந்தேன். அக்கா கோடு தொடாமல் எட்டுப் போட்டாள். அத்தான் வேலியோரம் நின்று அவள் திரும்புகிற பக்கமெல்லாம் தானும் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற ஆளை இரண்டு தடவை இடித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை இராஜாக்கமங்கலம் புறப்பட்டார்கள். பந்தோபஸ்துக்கு நான் புல்லட்டில். பின் சீட்டில் ஆண்பிள்ளைபோலக் காலைத் தூக்கிப்போட்டு உட்கார வேண்டுமென்றால் இடதுகாலில் நிற்கவேண்டும், வீட்டுப் படி இல்லாத இடத்தில் அது நடக்காது. அதனால் அத்தான், அந்த மீசையோடு, அக்கா உட்கார்வதுபோல ஒருபக்கமாக உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்துப் பார்த்தார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

அக்கா மெதுவாகத்தான் போனாள். நான் பக்கத்திலேயே போக முடிந்தது. தோவாளை தாண்டியதும் அதே காற்று. அத்தான் உடம்பு தானாகச் சாய்ந்தது.

"அனங்காம இரிங்க," என்றாள் அக்கா.

அவர் அசையாமல் அடங்கி உட்கார்ந்தார். வண்டி நேராகப் போனது. நாகர்கோவில் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இடதுபக்கம் குளம் வந்தது. கரைவரைக்கும் தாமரை.

"ஏட்டி, இந்தக் கொளம் எப்பம் வெட்டுனது?"

"நம்ம கல்யாணத்துக்கு முந்தியே கெடக்கு. எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்!"

அத்தான் குளம் முடிகிறவரை தாமரையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு வலதுகையைத் தூக்கி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்த வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கியானுவ," என்றார். கொஞ்சம் தள்ளிப் போனதும், "வாழ கொல தள்ளிட்டு, பாத்தியா?" என்றார்.

அக்கா கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் "ம்" என்றாள்.