மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்தபோது

ஆண்டவருடைய அன்பில் ஒன்றாயிருந்து இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் எஸ்தர். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கல்யாண வீட்டார் கடையில் இருக்கிற புடவையை எல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்து போனாலும் சிரித்த முகத்தோடு மடித்து வைப்பவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு வருஷ காலம் சிரிக்கவே மறந்து போனேன். அந்தக் குழியிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டதைத்தான் சொல்லப் போகிறேன். என் மகன் சாமுவேலிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று டில்லியில் வழக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஈஸ்டர் முடிந்த சமயம். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் அதைக் காட்டினார்கள். என் கணவர் தேவராஜ் சபைக் கமிட்டியில் இருப்பவர், கண்டிப்பானவர். "கலிகாலம்! இதுங்களுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்று கத்தினார். சாம் தட்டில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது வந்து நின்றான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை அவனுக்கு. ஷிப்டுக்குப் போகிற உடையில் இருந்தான்.

"அம்மா, நேத்து டிவில காட்டுனாங்களே, அவங்கள்ல நானும் ஒருத்தன்மா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். உன்கிட்ட மறைச்சிக்கினு இருக்க முடியல."

பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது என் ஜெபம். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். "என் பிள்ளையை மாற்றும் ஆண்டவரே" என்று முழங்கால் தேயக் கேட்டேன். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு ஜெபவீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனேன். அவன் தலையில் எண்ணெய் ஊற்றி, "வெளியே போ, வெளியே போ" என்று பிசாசை விரட்டுவதுபோல் கத்தினார்கள். சாம் கோவிலில் பாட்டுப் படிக்கிற பிள்ளை. அசையாமல் முழங்கால் போட்டிருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் கைக்குட்டையால் என் கண்ணைத் துடைத்து, "நீ அழாதமா. நீ சொல்ற பொண்ணையே கட்டிக்கிறேன்" என்றான். அதை என் ஜெபத்துக்குப் பதில் என்று எண்ணி நான் அல்லேலூயா சொன்னேன். என்ன ஜென்மமோ நான்!

என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். ஊரில் எல்லா வியாதிக்கும் நாம் கொடுக்கிற மருந்து அதுதானே.

வாலாஜாபாத்தில் ஷீபா என்கிற பெண் அமைந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள், கண்ணுக்கு லட்சணமானவள். அடுத்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று முடிவானது.

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் பெண், மாப்பிள்ளை பெயரை அறிவிப்பார். "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று சொல்லிச் சற்று நிறுத்துவார். இதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். நான் கோவிலுக்கு வந்த நாள் முதல் யாரும் எழுந்து தடை சொல்லிப் பார்த்ததில்லை.

எனக்குள் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அதனால் ஆண்டவரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன். "இந்தக் கல்யாணம் உமக்குச் சித்தமில்லை என்றால், ஓலை வாசிக்கும்போது தடை சொல்ல யாரையாவது எழுப்பும்" என்றேன். முதல் ஞாயிறு யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. ஆண்டவர் சம்மதித்துவிட்டார் என்று பாரத்தை இறக்கி வைத்தேன். தடை இன்னதென்று தெரிந்தவர்கள் அந்தக் கோவிலில் மூன்றே பேர். என் கணவரும் சாமும் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம், மூவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு யாரை எழுப்புவார் ஆண்டவர்?

அந்த வாரம் பெருமாள் கோவில் கருட சேவைக் கூட்டம் தொடங்குவதற்குள் வாங்கிவிடலாம் என்று ஷீபா வீட்டார் கல்யாணப் புடவைக்குக் கடைக்கு வந்தார்கள். இத்தனை வருஷ வேலையில் எனக்கு ஒன்று தெரியும். மனமில்லாத பெண் புடவையைப் பார்க்கமாட்டாள், வாசலைப் பார்ப்பாள். ஷீபா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்து வெட்கப்பட்டாள். அவள் மனம் முழுக்க என் மகன் வந்துவிட்டான் என்று புரிந்தது.

அவள் அம்மா முந்தானையைப் பார்க்கத் திரும்பிய நேரம் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அவரு போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்குறாரு. அவருக்கு என்ன புடிச்சிருக்குதா? நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்."

"அவனுக்குக் கூச்சம்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. வாடிக்கையாளரிடம் நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன், வெளிறிய நிறத்தை எடுப்பாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் புளுகைச் சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் புடவையை மடிக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமை சாயந்திரம் பீடத்துக்குப் பூ வைக்கிற முறை எனக்கு. கோவிலில் யாரும் இல்லை. வாய்விட்டு அழுதேன். "நாளைக்குக் கடைசி ஓலை. யாரையாவது எழுப்பும் ஆண்டவரே. அந்தப் பெண்ணையும் காப்பாற்றும், என் பிள்ளையையும் காப்பாற்றும்" என்றேன். "மாற்றும்" என்ற வார்த்தை அன்று என் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

மூன்றாம் ஞாயிறு. ஆயர் பெயர்களை வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள்..." என்று நிறுத்தினார். பார்த்தால் நான் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. பக்கத்திலிருந்த அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"தடை இருக்குதுங்க ஐயா" என்றேன். "என் பையனுக்கு இதுல மனசு இல்ல. நான் அழுது அழுது ஒத்துக்க வச்சிட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நிறுத்திடுங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. சாமுடைய விஷயம் சாம் சொல்ல வேண்டியது.

அதன் பிறகு பட்டதை விரித்தால் இந்தப் பத்திரிகை போதாது. என் கணவர் கமிட்டியை விட்டு விலகினார், பல நாள் என்னோடு பேசவில்லை. ஷீபாவின் அப்பா எங்கள் வாசலில் நின்று திட்டினார். திட்டட்டும், அவர் பெண்ணைப் பெற்றவர். சாம் தானே வாலாஜாபாத் போய் ஷீபாவிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் எனக்குப் போன் செய்தாள். "அன்னிக்குக் கடையிலேயே சொல்லியிருக்கலாம் ஆன்ட்டி" என்று அழுதாள். பிறகு, "இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். அந்த வார்த்தையை ஆண்டவரே சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "எஸ்தரம்மா, ஆணும் பெண்ணும்தான் கல்யாணம்னு சபை சட்டம் சொல்லுது. கோர்ட்டும் நாங்க மாத்த முடியாதுன்னுடுச்சு. நானே அப்படித்தான் பிரசங்கம் பண்ணேன். ஆனா பெத்த புள்ளைய வீட்டுக்கு வெளிய நிறுத்துன்னு யாரும் சொல்லலம்மா. ஞாயித்துக்கிழமை அவன அனுப்புங்க. பாட்டுக்கு ஆள் இல்ல."

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இதைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. பாவம் பாவம்தான் என்கிறார்கள் சிலர். படைத்தவருக்குத் தெரியாதா என்கிறார்கள் சிலர். எல்லாரும் ஜெபிக்கிறவர்கள்தான், எல்லாரும் வேதம் வாசிக்கிறவர்கள்தான். நான் இறையியல் படித்தவள் இல்லை. என் கணவரும் வேதத்தின்படி இது தப்பு என்றுதான் இன்னும் சொல்கிறார். ஆனால் ஒரு நாள் என்னிடம் சொல்லாமலேயே ஒரகடத்தில் சாம் இப்போது தங்கியிருக்கும் வீட்டுக்கு மாங்காய்த் தொக்கு எடுத்துப் போயிருக்கிறார். கூட இருக்கிற ஜோயல் என்ற பையன் அவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறான். வந்து என்னிடம், "அந்தப் பையன் ரசம் நல்லா வைக்கிறான். உன்னவிட" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

உங்களில் யாராவது இப்படி ஒரு பிள்ளைக்காக யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருக்கலாம். தைரியமாகக் கேளுங்கள். என்ன பதில் வரவேண்டும் என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். நான் யாரையாவது எழுப்பும் என்று கேட்டேன், அவர் என்னையே எழுப்பினார். கேட்ட ஜெபத்துக்கு அவர் பதில் தராமல் விட்டதில்லை.

சென்ற மாதம் சாமும் ஜோயலும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேறு யாருக்கோ ஓலை வாசித்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது சாம் கேட்டான்.

"அம்மா, எங்களுக்கு என்னிக்காவது ஓலை வாசிப்பாங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆகும் என்று இன்னொரு புளுகு சொல்லவும் மனமில்லை.

"அது எனக்குத் தெரியாதுபா. ஆனா அப்படி வாசிச்சாங்கன்னா, அன்னிக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்."

நடுரோடு என்றும் பார்க்காமல் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையின் கையை எனக்குத் திரும்பக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி.