பாதியில் நிறுத்திய இசை

சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, ராஜகனி அக்கா தவறிட்டாக. நெஞ்சு வலின்னாக, அம்புட்டுத்தான்" என்றார் எங்கள் குழுவில் வயலின் வாசிக்கும் முருகேசன். "சரி" என்றேன். சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

ராஜகனி அவர்கள் சென்னையில் சினிமாப் பாடல்களுக்கு வயலின் வாசித்தவர். ஊர் திரும்பியதும் உள்ளூர்க் கலைஞர்களைச் சேர்த்து வயலின், வயோலா, செல்லோ என வில்லால் வாசிக்கும் கருவிகள் மட்டுமே கொண்ட ஒரு குழுவை அமைத்தார். நான் செல்லோ வாசித்தேன்.

ஈழப் போரில் இறந்தவர்களுக்காக அவர் ஓர் இசை எழுதினார். அதில் ராகம் கிடையாது, தாளம் கிடையாது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டாத ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து, பிறகு எல்லோரும் ஒன்றாக மேலே வழுக்கிப் போக வேண்டும்.

"அக்கா, காது கூசுதே. சுருதி சேரவே இல்லையே" என்றார் முருகேசன்.

"சேர்ந்தா அழகாயிரும்லே. இது அழகா இருக்கக் கூடாது."

திருத்தங்கலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தோம். பலர் எழுந்து போனார்கள். அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்த பரமேசுவரி அம்மா திடீரென எழுந்து, "நிப்பாட்டுங்கோ! இந்தச் சத்தத்துக்குள்ளதான் என்ர பிள்ளையை விட்டிட்டு ஓடி வந்தனான்" என்று கத்தினார். அக்கா உடனே கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். மேடையிலிருந்து இறங்கி அந்த அம்மாவின் அருகில் தரையில் உட்கார்ந்தார்.

"அவுகளுக்குன்னு எழுதுனேன். அவுகளக் கேக்காம விட்டுட்டேனே" என்று அன்று எங்களிடம் சொன்னார். அதன்பிறகு அதை வாசிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பரமேசுவரி அம்மாவே அக்கா வீட்டுக்கு வந்தார். "மிச்சத்தையும் கேக்கோணும் பிள்ளை. நான் அந்த இடத்திலயே நிக்கிறன்."

முகாமின் நடுவே, பகல் வெயிலில், முழுவதும் வாசித்தோம். யாரும் கை தட்டவில்லை. பரமேசுவரி அம்மா தன் பிள்ளையின் பெயரை உரக்கச் சொன்னார். பிறகு இன்னொருவர் ஒரு பெயர் சொன்னார். பிறகு வேறொருவர். நாங்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தோம். "நம்ம வேலை இம்புட்டுத்தான். இனி அவுக பேசட்டும்" என்றார் அக்கா மெதுவாக.

அக்காவின் இறுதி ஊர்வலத்துக்கு வழக்கம்போலச் சரவெடி வந்திருந்தது. பட்டாசுக் கம்பெனி நடத்தும் அவருடைய தம்பி, "அங்கனயே வைங்கப்பா. வேண்டாம்" என்றார். லோடு வண்டிகள் ஓரம் கட்டி வழிவிட, வெடிச் சத்தம் ஏதுமின்றி அவரைக் கொண்டுபோனோம்.

அக்கா, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள். நீங்கள் போங்கள்.