பெயர் மறைத்த பிரதி

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் போகும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டே மின்னஞ்சலைத் திறந்திருக்கக் கூடாது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், தோளில் சோற்றுப் பை. 'உங்கள் கட்டுரை திருப்பி அனுப்பப்படுகிறது' என்ற முதல் வரியைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். முந்தின நாள் மதியம்தான் அனுப்பியிருந்தோம். பொருளாதார ஆய்விதழ்கள் ஒரு கட்டுரையை வேண்டாம் என்று சொல்லவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

அரூரில் இறங்கியதும் என் தோழியைக் கூப்பிட்டேன். கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியிருந்தோம். எம்.ஃபில். படித்த காலத்திலிருந்து பழக்கம். இப்போது அவள் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறாள். எனக்கு அரூரில் அதே வேலை. அவள் வீட்டில் அத்தா காலத்திலிருந்து ஜவுளிக் கடை. அதனாலோ என்னவோ, எதைக் கொடுத்தாலும் விரித்துப் பார்த்து, ஓரத்தைத் தடவி, பிசிறு இருக்கிறதா என்று தேடாமல் கீழே வைக்கமாட்டாள்.

"திருப்பி அனுப்பிட்டாங்கடி," என்றேன்.

"முழுசா படிச்சியா?"

"மொத வரி படிச்சன்."

"நான் மீதியையும் படிச்சுட்டன். வேணாம்னு சொல்லல. அவங்க கேட்ட மாதிரி இல்லன்னு சொல்றாங்க. நீளம் ஜாஸ்தி, டேபிளெல்லாம் படமா ஒட்டியிருக்கு, ரெஃபரன்ஸ் அவங்க முறையில இல்ல. அப்புறம், யாரு எழுதுனதுன்னு தெரியுதாம்."

"தெரிஞ்சா என்ன?"

"தெரியக் கூடாதுடி. ஞாயித்துக்கெழம மொரப்பூர் வந்துடு. உக்காந்து சரிபண்ணிடலாம்."

மொரப்பூர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற ஊர். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பேக்கரி உண்டு. லேப்டாப் சொருக ஒரு பிளக், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காத ஒரு கடைக்காரர். கட்டுரையில் பாதி அங்கேதான் எழுதப்பட்டது.

கட்டுரை மரவள்ளியைப் பற்றியது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். வேறு ஜவ்வரிசி ஆலையில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தும் ஒரு விவசாயி ஏன் வருஷா வருஷம் ஒரே தரகருக்கே கிழங்கைக் கொடுக்கிறார் என்பதுதான் எங்கள் கேள்வி. ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் கேட்டு எழுதி வந்தது நான். அந்தப் பதில்களை எண்களாக்கி, சமன்பாட்டுக்குள் செலுத்தி விடை வாங்கியது அவள். எனக்குச் சமன்பாடு என்றால் கொஞ்சம் பயம். அவளுக்கு வெயில் ஆகாது. அந்த வகையில் நல்ல ஜோடி.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக எங்களை நாங்களே அழிக்க ஆரம்பித்தோம். கட்டுரையை மதிப்பிடுகிற நிபுணருக்கு எழுதியவர் யார் என்று தெரிந்தால், வேண்டியவர் வேண்டாதவர் பார்த்துவிடுவாராம். ஆகவே பெயர், கல்லூரி, நன்றி எல்லாம் தனித் தாளில் போக வேண்டும். கட்டுரை மட்டும் பெயர் மறைத்த பிரதியாகப் போகும். நாங்கள் பெயரைத்தான் முதல் பக்கத்திலிருந்து எடுத்திருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் நாங்களே நின்றுகொண்டிருந்தோம். 'எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி' என்று ஓரிடம். அடிக்குறிப்பில், 'ஆசிரியர்களில் ஒருவரது கணவர் குடும்பம் மரவள்ளி பயிரிடுகிறது' என்று என் சொந்தக் கதை. பின்னிணைப்பில் ஒரு புகைப்படம். அதில் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நான்.

"இதுல நீ நல்லா இருக்க," என்று சொல்லிக்கொண்டே அழித்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டி, 'மாநிலத்தின் வடமேற்கில் உள்ள ஒரு வட்டம்' ஆனது. சித்தேரி மலை, 'அருகிலுள்ள குன்றுகள்' ஆனது. தினமும் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையைக் குன்றுகள் என்று தட்டச்சு செய்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவள் கோப்பின் குணவிவரங்களைத் திறந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் என் கணவரின் கடைப் பெயர் இருந்தது. சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கிற கடை. லேப்டாப் கடைக்காக வாங்கியது. நான் கட்டுரை எழுதுவது கடை மூடியிருக்கும் நேரத்தில். நிபுணர் மட்டும் அதைப் பார்த்திருந்தால், சந்தைக் கோட்பாட்டைப் பற்றிக் குழாய்க் கடைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்று நினைத்திருப்பார். அவள் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பட்டா மாத்தற விஷயங்களா?"

"இல்லீங்கண்ணா. கட்டுரைங்க. குச்சிக்கெழங்கப் பத்தி."

"அதப்பத்தி எழுதறதுக்கு என்னாங்க இருக்குது?" என்றவர், இருந்தாலும் இருக்கட்டும் என்பதுபோல இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

மதியம் அட்டவணைகளுக்குப் போனது. படமாக ஒட்டியிருந்ததை எல்லாம் கட்டம் கட்டமாகத் திரும்ப அடித்தோம். நான் வாசிக்க, அவள் அடித்தாள். கட்டுரைச் சுருக்கத்தைப் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது. என் வாக்கியங்களில் அவள் கைவைத்தால் எனக்குக் கோபம், அவள் வாக்கியங்களில் நான் கைவைத்தால் அவளுக்குக் கோபம். கடைசியில் 'இருப்பினும்' என்று ஆரம்பித்த எல்லா வாக்கியங்களையும் தூக்கினோம். அர்த்தம் ஒன்றும் கெடவில்லை. ரெஃபரன்ஸ் பட்டியலில் ஆண்டுக்கு அடைப்புக்குறி வேண்டும், இதழின் பெயர் சாய்வெழுத்தில் வேண்டும், பக்க எண்ணுக்கு முன்னால் இருப்பது காற்புள்ளியா முக்காற்புள்ளியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் வெளியே வெயில் இறங்கிவிட்டது.

கடைசியாக இருந்தது பெயர்ப் படிவம். அதில்தான் வினை.

ஆய்விதழின் இணையதளம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டியது. எனக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலை மட்டும் போட்டால் தளம் ஏற்கவில்லை. விரித்தால் அது அப்பாவின் பெயர். பொருளாதாரத் துறையில் கட்டுரையாசிரியர்களைக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அடுக்குவது வழக்கம்; அதுவும் ஆங்கில எழுத்து வரிசை. அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் 'ஏ'யில் தொடங்குகிறது. அதைக் குடும்பப் பெயராகப் போட்டால் நான் முதல் ஆசிரியர். என் பெயரையே போட்டால் நான் வரிசையின் கடைக்கோடிக்குப் போய்விடுவேன். நடுவில் இருக்கிற அவள் முதலாவதாக வருவாள்.

"உன் இஷ்டம்டி," என்றாள் அவள். திரையைப் பார்த்தே சொன்னாள்.

அவள் அந்த வருஷம் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். முதல் ஆசிரியருக்கு மதிப்பெண் கூடுதல் என்பதும் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கோ வெயிலில் நடந்தது நான்தானே என்ற நினைப்பு. கட்டத்தை நிரப்பாமலே லேப்டாப்பை மூடினோம். அவள் தருமபுரி பஸ்ஸில் ஏறும்போது கையசைத்தாள், ஆனால் எப்போதும்போல ஜன்னல் வழியாகக் கத்திப் பேசவில்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போகும் முன் அப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; வீடு அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால். விஷயத்தைச் சொன்னேன். அவர் பெயர் வெளிநாட்டு இதழில் வரும் என்று சொன்னால் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதுல நான் என்னா எழுதுனன்?" என்றார்.

"ஒன்னும் எழுதலப்பா. அது குடும்பப் பேரு மாதிரி."

"அப்ப யாராச்சும் அதப் படிச்சா, இந்த ஆளு இப்பிடிச் சொல்றாருன்னுதான சொல்லுவாங்க?"

"ஆமாப்பா. அப்பிடித்தான் மேற்கோள் காட்டுவாங்க."

"நாளைக்கி எவனாச்சும் கணக்கு தப்புன்னு சொன்னான்னா என்னையில்ல சொல்லுவான். வேணாம்மா. உன் பேரு என்னத்துக்கு இருக்குது? அதப் போடு."

எனக்கு மனம் லேசானது. அப்பா சொன்னதால் மட்டும் இல்லை. இரவெல்லாம் முதலாவதா இரண்டாவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, என் வேலைக்கு என் பெயர் வருமா என்று யோசிக்கவே இல்லை. பேருந்து நிலையத்திலிருந்தே அவளைக் கூப்பிட்டேன்.

"குடும்பப் பேருல என் பேரயே போட்டுடறன். உன் பேரு மொதல்ல வரட்டும்."

"நெஜமாவா சொல்ற?"

"எங்கப்பா அவரு பேரத் தரமாட்டேங்கறாருடி. கணக்கு மேல நம்பிக்க இல்லியாம்."

அவள் சிரிக்க ஆரம்பித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. "கணக்கு நான் போட்டதுன்னு சொன்னியா இல்லியா?" என்று திட்டவும் செய்தாள்.

அன்று மதியம் கல்லூரிக் கணினி அறையில் உட்கார்ந்து கட்டுரையை ஏற்றினேன். தளம் அதை பி.டி.எஃப். ஆக மாற்றிக் காட்டியபோது சமன்பாட்டில் இருந்த கிரேக்க எழுத்துகள் எல்லாம் காலிச் சதுரங்களாக இருந்தன. அவள் போனில் வழி சொல்ல, எழுத்துருவை மாற்றித் திரும்ப ஏற்றினேன். இம்முறை கட்டுரை திரும்பி வரவில்லை.

மாதங்கள் கழித்து இரண்டு நிபுணர்களின் அறிக்கைகள் வந்தன. முதலாமவர் சில திருத்தங்களோடு விட்டுவிட்டார். இரண்டாமவர் புள்ளிவிவர முறையைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஆசிரியர்கள் மரவள்ளி விளையும் பகுதிக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்ப்பது கட்டுரைக்கு நல்லது.

எனக்கு வந்த கோபத்தில் ஆசிரியர் அறையில் எழுந்தே நின்றுவிட்டேன். அந்தக் கிழங்கு என் வீட்டுக் கொல்லைக்கு அடுத்த எங்கள் காட்டு நிலத்தில் விளைகிறது. அவளைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன்.

"அவ்ளோ நல்லா அழிச்சிருக்கோம்டி," என்று அவள் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "ஆனா பாதி நெஜந்தான். நான் இன்னும் பாத்ததே இல்லியே."

"எத?"

"குச்சிக்கெழங்கு செடிய. வேக வெச்சுத் தின்னுருக்கேன். பாயசத்துல ஜவ்வரிசியாப் பாத்திருக்கேன். நெலத்துல பாத்ததில்ல."

இத்தனை நாள் அவளோடு எழுதியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. அறுவடை நடக்கும்போது வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வந்தாள். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நேராகக் காட்டுக்குப் போனோம். ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை. என் மாமியார் வரப்பில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க அம்மா, ஆரம்பிக்கலீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"லாரி வரணுமில்ல கண்ணு. புடுங்கிப் போட்டுட்டு லாரி வராட்டி என்னா பண்றது? கெழங்கு வெச்சிருந்தாக் கெட்டுப்போயிரும்."

அவள் என்னைப் பார்த்தாள். லாரி ஏற்பாட்டைத் தரகரே செய்கிறாரா என்பது எங்கள் கட்டுரையில் ஒரு மாறி. ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். கேட்டு எழுதி வந்த நானும் அதை ஒன்றாகவும் பூஜ்யமாகவும்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். அவளும் என் மாமியார் பக்கத்தில் போய் நின்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். தரகரின் லாரி வளைவில் தலை காட்டியபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள்.

ஒரு செடியை அவளும் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை. இரண்டாம் முறை கிழங்கோடு பின்னால் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தாள். எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டு, "கட்டுரை எழுதறதுக்கு முன்னாடியே இதப் பண்ணியிருக்கணும்," என்றாள். ஊருக்குத் திரும்பும்போது பையில் கிழங்கு, கையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் என் மாமியார் திணித்த இன்னொரு பை.

அந்த வாரமே அவள் ஒரு பத்தி எழுதி அனுப்பினாள். லாரிக்காகக் காத்திருப்பதைப் பற்றிய பத்தி. நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இரண்டாம் நிபுணருக்கு நன்றி சொல்லி, அவர் யோசனைப்படி நேரில் போய்ப் பார்த்தோம் என்று பதில் எழுதினோம். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது. இப்போது அரூர் மஞ்சள் வியாபாரத்தைப் பற்றி அடுத்த கட்டுரைக்குக் கேள்விகள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை விவசாயிகளைப் பார்க்க அவளும் வருகிறாள். போன வாரம் பேசியபோது, வெயிலுக்கு ஒரு தொப்பி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். நான் சமன்பாட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.