வயிற்றுக்குள் கொல்லிமலை மிளகு

ஜப்பானில் மீன் கடைக்குள் நுழைந்தால் மீன் வாடையே வராது. வந்த புதிதில் எனக்கு அது பெரிய சந்தேகமாக இருந்தது. கொல்லிமலையில் எங்கள் குண்டூர் நாட்டுக்குச் சேலத்து மீன் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்த பிறகு, வியாபாரி கூவவே வேண்டாம். வாடையே ஊரைக் கூட்டிவிடும். அதை முள்ளும் மொறுமொறுக்கும்வரை பொரித்தால்தான் எங்களுக்குத் திருப்தி.

ஓசூர் கம்பெனி என்னை இங்கே லேத் வேலைக்கு அனுப்பியது 2003-ல். பல மாதங்கள் தனியாகவே சாப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்கார ஃபோர்மேன் தனாக்கா முதல்முறையாக வீட்டுக்குக் கூப்பிட்டார். அவரே பிடித்த சபா மீனை, நம் கானாங்கெளுத்தி மாதிரியானதை, பச்சையாகவே அறுத்து வைத்தார். வேண்டாமென்றால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் மிளகுதான் மருந்து. மனைவி செல்வி கட்டிக்கொடுத்த மிளகுத்தூளைப் பையிலிருந்து எடுத்துத் தாராளமாகத் தூவினேன். என்னவென்று கேட்டார். மருந்து என்பதற்கு அவர்கள் சொல்லான ‘குசுரி’யைச் சொன்னேன். எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து, பாவம், இன்னும் நாலு துண்டு வைத்தார்.

இரவெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் கேமரா வைத்த குழாயை வாய்வழியே இறக்கினார்கள். வலியையும் மீறி வேடிக்கை பார்த்தேன். திரையில் சிவந்த இரைப்பை. அதில் தலையைப் புதைத்திருந்த வெள்ளை நூல்போன்ற புழு. சுற்றிலும் கருப்புத் துகள்கள். டாக்டர் இடுக்கியால் இழுத்தபோதும் அது நெளிந்தது. பெயர் அனிசாகிஸாம். திமிங்கிலத்தின் வயிற்றில் வளர வேண்டியது, மனிதனுக்குள் வளராதாம். குழாயை எடுத்ததும், திரையிலிருந்த துகள்களைக் காட்டி இதென்ன என்றார்.

“எங்க ஊருங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

ஊரில் செம்மேட்டு டெலிபோன் பூத்தில் செல்வி என் போனுக்குக் காத்திருந்தாள். எல்லாம் சொன்னேன்.

“ஏனுங்க, மொளகு போட்டுமா சாவுல?”

“இல்ல செல்வி. உசுரோடதான் நெளிஞ்சுது.”

“எங்கப்பன் கொடியில பறிச்சதுங்க அது!”

புழுவைவிட மிளகு தோற்றதுதான் அவளுக்கு ஆறவில்லை. “இனிமே பச்ச மீனத் தொடாதீங்க சாமி” என்றாள். சரி என்றேன்.

அடுத்த மாதம் தனாக்கா மறுபடி கூப்பிட்டார். மீன் கல்லாக உறைந்தால் புழு செத்துவிடும் என்று அவர் மனைவி ஃப்ரீஸரைத் தட்டிக் காட்டினார். எல்லோருக்கும் நடுவில் பச்சை மீன் தட்டு. என் முன்னால் மட்டும் தனியாக, நன்றாகச் சுட்ட ஒரு துண்டு. அக்கறைதான், ஆனாலும் மனசு சுருங்கியது. தனாக்கா என் பையைக் காட்டி “குசுரி?” என்று கை நீட்டினார். பச்சை மீனில் மிளகைத் தூவித் தின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நானும் சுட்டதில் ஒரு வாய், நடுத்தட்டிலிருந்து பச்சையில் ஒரு வாய் தின்றேன். இரண்டிலும் அதே மிளகு. அந்த வாரம் செல்வியிடம் சுட்டதை மட்டும்தான் சொன்னேன்.