கணக்கில் பெயிலான அம்சவள்ளி

"மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்டது போனில் ஓர் ஆண்குரல்.

அம்சவள்ளி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊறவைத்த அரிசியை வடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் மாஸ்டர். சொல்லுங்க."

எதிர்முனையில் ஒரு சின்னத் தயக்கம். பாகூர் வட்டாரத்தில் பிரியாணிக்குப் பேர்போன அம்சா சமையல்காரர்கள் குழுவை நடத்துவது ஒரு பெண் என்று தெரியாமல் கூப்பிடுகிற எல்லோருக்கும் வருகிற தயக்கம்தான். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

"மதகடிப்பட்டுல ஒருத்தர் நம்பர் குடுத்தாரு, அக்கா. வர ஞாயித்துக்கெழம வுட்டு அடுத்த ஞாயிறு, பாகூர்ல மண்டபம். மட்டன் பிரியாணி, கத்திரிக்கா தொக்கு, பச்சடி, ஒரு ஸ்வீட்டு. பெரிய பெரிய எடத்துல இருக்கறவங்கல்லாம் வராங்க. சும்மா கலக்கிடணும்."

"இன்னா விசேஷம்?"

"எங்க ஸ்கூல் ரீயூனியன். தொண்ணூத்தொம்பது பத்தாவது செட்டு. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சி இல்ல."

அம்சவள்ளி அரிசிக் கூடையைக் கீழே வைத்தாள். எந்த ஸ்கூல் என்று கேட்டாள். அவன் சொன்னான். பேர் கேட்டாள். உலகநாதன், ரைஸ் மில் வைத்திருக்கிறேன் என்றான்.

அவனைத் தெரியாமல் என்ன. அவன் அப்பாவின் வயலில்தான் அம்சவள்ளியின் அம்மா நாற்று நட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். அவரை "ஆண்டே" என்றுதான் கூப்பிடுவாள்.

"நானும் அந்த செட்டுதான். அம்சவள்ளி. பி செக்‌ஷன், கடைசி பெஞ்சு."

"அட, அம்சவள்ளியா நீ!" என்றான். அக்கா ஒரே மூச்சில் நீ ஆகிவிட்டாள். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சி. நம்ம செட்டுக்கு நம்ம பொண்ணே சமைக்குதுன்னு சொல்லிக்கலாம்."

"என்னை ஏன் கூப்புடல?"

"அது வந்து... கமிட்டில பேசி முடிவு பண்ணது. பாஸ் பண்ணவங்கள மட்டும் வச்சி நடத்துறோம். தப்பா எடுத்துக்காத. பெயில் ஆனவங்க வந்தா அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். சங்கடப்படுவாங்க."

"எனக்கு ஒரு சங்கடமும் இல்லியே."

"சரி, அத்த வுடு. சமையல் ஒத்துக்கறியா?"

"முடியாது. அன்னிக்கி வேற வேலை இருக்குது."

"கல்யாண ஆர்டரா?"

"இல்ல. எங்க செட்டு ரீயூனியன். நான் சாப்புட வரணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் அரிசியைத் திரும்ப எடுத்து வடிக்க ஆரம்பித்தாள்.

அம்சவள்ளி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படித்தவள். மழைக்காலத்தில் ஏரி வாய்க்கால் நிரம்பி வரப்பு முழுகிக் கிடக்கும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு காலனிப் பிள்ளைகள் வரிசையாக நடந்து போவார்கள். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது கால் பூராவும் சேறாக இருக்கும். பெஞ்சு அழுக்காகும், பின்னாடி போய் உட்கார் என்பார்கள். வெயில் காலம் வந்து கால் காய்ந்த பிறகும் அவர்களை யாரும் முன்னால் வரச் சொன்னதில்லை.

தமிழில் அவள் நன்றாகவே படித்தாள். வரலாறு பாடத்தைக் கதை மாதிரி சொல்லுவாள். கணக்குதான் வரவில்லை. வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, பள்ளியில் கடைசி பெஞ்சு வரைக்கும் குரல் எட்டவில்லை. ரிசல்ட் வந்த அன்று அவள் அம்மா ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுப்பி, களைக்கொத்தியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

புகழேந்தியைக் கட்டிக்கொண்டது அதற்கு மூணு வருஷம் கழித்து. அவன் சென்ட்ரிங் வேலைக்காரன். நல்ல உழைப்பாளி, சிரித்தே பேசுகிற ஆள். கல்யாணம் ஆன பிறகு அவள் கடலூர்க்காரச் சமையல் மாஸ்டர் ஒருவரிடம் வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் போனாள். ஒரு ஞானஸ்நான விருந்தன்று அந்த மாஸ்டர் வரவேயில்லை. போனும் எடுக்கவில்லை. ஆட்டுக்கறி வந்து இறங்கிவிட்டது, விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விருந்து கொடுத்த ரோசம்மாள் அழாத குறையாக நின்றாள். அம்சவள்ளி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அடுப்பப் பத்த வைங்க" என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் சொல்லிச் சொல்லித்தான் அவள் பெயர் பரவியது. பொம்பளையால் அண்டாவைத் தூக்க முடியுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எந்த ஆம்பளையும் தனியாகத் தூக்குவதில்லையே என்று அவள் திருப்பிக் கேட்பாள். அண்டா, கரண்டி, அடுப்பு என்று எல்லாம் சொந்தமாக வாங்கி, பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் புகழேந்தியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"கூப்புடாத எடத்துக்கு ஏன் போவணும்?" என்றான் அவன்.

"கூப்புடறதுக்கு அவன் யாரு? அவன் வூட்டுக் கல்யாணமா? நான் படிச்ச ஸ்கூலு, என் செட்டு. அஞ்சு வருஷம் அந்த பெஞ்சுல உக்காந்தேன் இல்ல?"

"சண்டை போடாம வந்து சேரு" என்றான். அதற்கு மேல் அவன் தடுக்கவில்லை. தடுத்தால் நிற்கிறவளில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

தனியாகப் போக அவளுக்கு மனசில்லை. முதலில் சின்னபொண்ணுவைத் தேடிப் போனாள். சின்னபொண்ணு ஊர்த்தெருக்காரி, உலகநாதனுக்குத் தூரத்துச் சொந்தம்கூட. அவளும் கணக்கில்தான் பெயிலானாள். ரிசல்ட் வந்த ஆறாம் மாசமே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை.

"அவன் எனக்கு மாமன் முறைடி. எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல பாரேன்" என்றாள் சின்னபொண்ணு. "நான் வரேன். பட்டுப்புடவ கட்டிக்கிறேன்."

அந்தோணிசாமிதான் மசியவில்லை. அதே செட்டில் பெயிலானவன், அம்சவள்ளியின் தெருவிலேயே இருக்கிறவன், லோடு ஏற்றி இறக்குகிற வேலை. "அங்க வந்து நான் இன்னா சொல்றது? மூட்ட தூக்கறேன்னா? வுடு அம்சா, எனக்கு வாணாம்" என்றான். அவள் வற்புறுத்தவில்லை. மண்டபத்தின் பேரையும் நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். வரவேற்பு மேஜையில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். எட்டாவது வரை அம்சவள்ளியும் அவளும் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். மஞ்சுளா இப்போது ஹெட் நர்ஸ். பார்த்ததும் எழுந்து வந்து அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் மேஜையில் பரப்பி வைத்திருந்த பேட்ஜுகள் நினைவுக்கு வந்தன போலிருக்கிறது. அவள் முகம் மாறியது.

"உங்க ரெண்டு பேருக்கும் பேட்ஜ் அடிக்கலியேடி."

"வெள்ள அட்டை இருக்குதா? பேனா குடு" என்றாள் அம்சவள்ளி. தன் பேரைப் பெரிய எழுத்தில் எழுதிப் புடவையில் குத்திக்கொண்டாள். சின்னபொண்ணுவுக்கும் எழுதிக் குத்தினாள். பிறகு இருவரும் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

உலகநாதன் மேடையிலிருந்து பார்த்தான். பக்கத்தில் இருந்தவனிடம் குனிந்து ஏதோ சொன்னான். கணக்கு வாத்தியார் கலைவேந்தன் சாருக்குச் சால்வை போட்டார்கள். சாருக்கு வயதாகிவிட்டிருந்தது, காது சரியாகக் கேட்கவில்லை. அதன் பிறகு மைக் ஒவ்வொருவர் கையாக வந்தது. பேர் சொல்ல வேண்டும், என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். எஞ்சினியர், டீச்சர், வக்கீல், துபாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல். அம்சவள்ளிக்குப் பக்கத்து நாற்காலி வரைக்கும் வந்த மைக், அவளைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போகப் பார்த்தது. அவள் எட்டி வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு அம்சவள்ளி. கணக்குல பெயில்."

எங்கோ ஒருவர் சிரித்தார். 

"இந்த விழா பாஸ் ஆனவங்களுக்கு மட்டும்னு சொன்னாங்க. நம்ம செட்டுல பாதிப் பேருக்கு மேல பெயிலு. அவங்க இல்லாம இது எப்பிடி நம்ம செட்டு ஆவும்? பரிட்சைல போயிட்டோம். அதுக்காவ நாங்க படிக்கவே வரலன்னு ஆயிடுமா? மழைல நனைஞ்சிகினு வந்தோம், அடி வாங்குனோம், பிரேயர்ல நின்னோம். எல்லாத்துலயும் இருந்தோம். இன்னிக்கி இன்னாத்துக்கு எங்கள வெளிய தள்ளிட்டீங்க?"

"அம்சவள்ளி, போதும், உக்காரு" என்றான் உலகநாதன் மேடையிலிருந்து.

"அஞ்சு வருஷம் உக்கார வச்ச எடத்துல உக்காந்தேன். இன்னிக்கி கொஞ்ச நேரம் நிக்கறேன்" என்றாள் அவள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மைக்கை இன்னும் வாயருகே கொண்டுபோனாள். "நான் சமையல் மாஸ்டர். என் பொண்ணு காலேஜ் முடிச்சிட்டா. அவ்ளோதான்."

உட்காரப் போனவள் பின்பக்கம் கதவருகே அந்தோணிசாமி நிற்பதைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் நடந்து வந்து அவள் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"அந்தோணிசாமி. கணக்கு, இங்கிலீஷு, ரெண்டுலயும் பெயிலு. லோடுமேன்" என்றான். "எல்லாரையும் பாக்கணும்னு தோணிச்சி. வந்துட்டேன்."

இந்த முறை சிரிப்பு மண்டபம் முழுக்க எழுந்தது, ஆனால் அதில் கேலி இல்லை. யாரோ விசில் அடித்தார்கள். சின்னபொண்ணு எழுந்து தன் பங்கைச் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் வாசல் பக்கமிருந்து மஞ்சுளா உள்ளே வந்தாள்.

"நானும் மார்ச்சுல பெயிலுதான்" என்று மைக் இல்லாமலே சத்தமாகச் சொன்னாள். "எங்கப்பா டியூஷன் வச்சாரு, அக்டோபர்ல எழுதிப் பாஸ் பண்ணேன். எங்கப்பாவால முடிஞ்சிது. அவ்ளோதான் எனக்கும் இவங்களுக்கும் வித்தியாசம்." சொல்லிவிட்டுத் தன் பேட்ஜைக் கழற்றி மேஜை மேல் போட்டாள்.

கலைவேந்தன் சார் பக்கத்தில் இருந்தவனிடம், "என்னப்பா, என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அவன் அவர் காதில் சொன்னான். சார் தலையைக் குனிந்துகொண்டார்.  அம்சவள்ளி அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை.

சாப்பாடு புதுச்சேரியிலிருந்து வந்திருந்தது. பந்தியில் எதிரே உட்கார்ந்த ஒரு வக்கீல், "எப்பிடிக் கீது மாஸ்டர், உங்க கைப்பக்குவம் வருமா?" என்று கிண்டலும் மரியாதையுமாகக் கேட்டான்.

"யாரோ சமைச்சத உக்காந்து சாப்புட்றதே ருசிதான்பா" என்றாள். இன்னும் ஒரு கறித்துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைசியாகப் போட்டோ. மேடை முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் வந்து நின்ற பிறகு உலகநாதன் கையைத் தூக்கினான்.

"மொதல்ல அச்சடிச்ச பேட்ஜ் இருக்கறவங்க மட்டும் ஒண்ணு எடுத்துப்போம். செட்டு போட்டோ. அப்பறம் பொதுவா ஒண்ணு எடுக்கலாம். மத்தவங்க கொஞ்சம் தள்ளிக்கங்க."

அந்தோணிசாமி நகரப் போனான். அம்சவள்ளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஒரே போட்டோதான்" என்றாள். "எடுக்கறதுன்னா எடுங்க, இல்லன்னா வாணாம்."

"இது நான் ஏற்பாடு பண்ண விழா அம்சவள்ளி. வந்த எடத்துல அடக்கமா இரு."

"உங்கப்பன் வயல்ல எங்கம்மா அடக்கமாத்தான் இருந்தா. நான் உன் வயல்ல வேல செய்யல உலகநாதா. நான் உன்கூடப் படிச்சவ."

அவன் முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்தான். யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று நினைத்திருப்பான். ஒன்றிரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மஞ்சுளா வந்து அம்சவள்ளியின் தோள்மீது கை போட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் இல்ல" என்றான் உலகநாதன்.

"அது உன் இஷ்டம்" என்றாள் அவள்.

அவன் விறுவிறுவென்று விலகிப் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டான். போட்டோகிராபர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"எடுப்பா தம்பி, நேரம் ஆவுது" என்றாள் அம்சவள்ளி. அவன் எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் புகழேந்தி அவள் முகத்தைப் பார்த்தான். "சண்டையா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்" என்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, மஞ்சுளா அனுப்பிய போட்டோ போனில் வந்திருந்தது. இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தோணிசாமி கண்ணை மூடியிருந்தான். அம்சவள்ளி நடுவில், பல் எல்லாம் தெரிய.