ரத்தக்காட்டேரிப் படத்துக்கு நான் எழுதிய கருத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் முடிந்த கையோடு கருத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்ட கையைக் கூடச் சரியாகக் கழுவவில்லை. அவ்வளவு கோபம்.

தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஜப்பானிய அனிமே பார்ப்பது கல்லூரி விடுதியில் ஒட்டிக்கொண்ட பழக்கம், கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. விடுதியில் பார்த்த ஒரு படத்தில், பனி மூடிய இடிந்த தேவாலயத்தில் ஒரு ரத்தக்காட்டேரிப் பெண் தனியாக இருப்பாள். குளிர்காலந்தோறும் மணியடிக்க வரும் இளைஞன் மேல் அவளுக்குப் பிரியம். ஒரு வருடம் அவன் வராமல் போகிறான். மணிக்கோபுரத்தின் அடியில் அவள் காத்து நிற்பதோடு படம் முடிந்துவிடும். பன்னிரண்டு வருடம் கழித்து அதற்கு இரண்டாம் பாகம் வந்தது.

தமிழில் அனிமே பார்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் ஒருவர் புனைபெயரில் தமிழ் சப்டைட்டில் எழுதிப் போடுவார். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய எழுத்தை வைத்துத்தான் இந்தப் படத்தையும் என் போனில் பார்த்தேன்.

படம் முழுக்க அந்தப் பெண் அவனைத் தேடிப் பனியில் நடக்கிறாள். கடைசியில் அவன் வீட்டு வாசலை அடைகிறாள். அவன் கிழவனாகியிருக்கிறான். வீட்டிலுள்ளவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி வாசல்படி தாண்ட முடியாது, அது அந்தக் கதையின் சட்டம். விடியப் போகிறது. கிழவன் அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான். கீழே தமிழில் 'போயிட்டு வா' என்று வந்தது. அவள் சிரித்துக்கொண்டே திரும்பி நடக்கிறாள். வெயில் அவள் மேல் விழுகிறது. அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. 'இத்தனை வருடம் காத்திருந்தவளை வாசலிலேயே நிறுத்தி அனுப்பி வைக்கவா இரண்டாம் பாகம்? ஆங்கிலத்திலாவது பத்திரமாய்ப் போ என்று இருக்கிறதாம். சப்டைட்டில் எழுதிய தம்பிக்கு ஜப்பானிய மொழிதான் தெரியாது என்றால் தமிழும் தெரியவில்லை' என்று எழுதினேன்.

அதற்கு முன்பு குழுவில் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் ஒரே இருட்டு, போனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள் சிலர். சண்டையே இல்லை என்றார் ஒருவர். பின்னணி இசைக்காக மட்டும் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். என் கருத்து வந்த பிறகு பேச்சு அந்தத் 'தம்பி' மேல் திரும்பிவிட்டது. பழைய படங்களில் அவர் செய்த பிழைகளை எல்லாம் தோண்டி எடுத்தார்கள். நான் எழுதியதைப் படம் பிடித்து வேறு குழுக்களிலும் போட்டார்கள். 'தென்காசி அக்கா பொளந்து கட்டிட்டாங்க' என்று பாராட்டு வேறு. எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அந்தப் புனைபெயரையே காணோம். அவர் எழுதிய சப்டைட்டில்கள் அத்தனையும் அழிக்கப்பட்டிருந்தன. ஆறு வருட வேலை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு எக்ஸ்ரேக்கும் அடுத்த எக்ஸ்ரேக்கும் நடுவில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒரு பெரியவரிடம் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, படம் எடுத்து முடித்தும், விடச் சொல்ல மறந்து நின்றேன். அவர் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு கையால் ஜாடை காட்டினார், விடலாமா என்று.

வீட்டில் என் கணவரும் கவனித்துவிட்டார்.

"என்னட்டி, ரெண்டு நாளா பேயடிச்ச மாதிரி இருக்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பொம்மப் படத்துக்கா இந்தப் பாடு? தப்புன்னு தோணிச்சுன்னா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயேன்."

கேட்டேன். என் போனில் மிச்சமிருந்த சப்டைட்டில் கோப்பின் கடைசியில் அவருடைய மின்னஞ்சல் இருந்தது; அதற்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன், இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன் என்பது உட்பட எல்லாம் எழுதி. ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் வந்தது: 'தென்காசியில்தானே இருக்கீங்க? நான் குற்றாலத்தில்தான் இருக்கிறேன். பேச வேண்டுமென்றால் நேரில் வாங்க.' கூடவே ஒரு லாட்ஜின் விலாசம்.

சீசன் நேரம். பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. இருபது நிமிடப் பயணத்தில் என்ன பேசுவதென்று நாலு தடவை மாற்றி மாற்றி யோசித்தேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் இருந்தது. லாட்ஜின் படியெல்லாம் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. மாடிக் கம்பியில் துண்டுகள் தொங்கின. வரவேற்பு மேசையில் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சாவிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சப்டைட்டில் எழுதுகிறவரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். மகன் யாரையாவது கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

"நாந்தான் அந்தத் தம்பி. இரிங்க" என்றார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

சென்னையில் கார் உதிரிபாகக் கம்பெனியொன்றில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பதினாலு வருடம் இருந்தவராம். அண்ணன் இறந்த பிறகு குடும்பத்து லாட்ஜைப் பார்க்க வந்துவிட்டார். பேசும்போதே ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று வந்தார், இன்னொருவர் மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று கேட்டார். எல்லோருக்கும் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தப்புன்னு நீங்க சொன்னதுக்கு எனக்கு வருத்தமில்லம்மா. ஏன் அப்படிப் போட்டேன்னு ஒருத்தராவது கேட்டிருக்கலாம்லா? அத்தன பேர்ல ஒருத்தர் கேக்கல."

"நான் கேட்டிருக்கணும்க்கா. இப்பக் கேக்கேன். ஏன் அப்படிப் போட்டீங்க?"

மேசைக் கணினியில் அந்தக் காட்சியை ஓடவிட்டார்.

"அந்த ஆளு சொல்லுதது 'இத்தெரஷ்ஷாய்'. வெளிய கெளம்புத சொந்த வீட்டாளப் பாத்து, வீட்ல இருக்கவங்க சொல்லுத வார்த்த. வாசலோட நிக்க வந்த வேத்தாளுக்கு அத சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்த கெடையாது. நம்மகிட்ட இருக்கு. நீங்க காலைல வேலைக்குக் கெளம்பும்போது வீட்ல என்ன சொல்லுதாங்க?"

திரையைப் பார்த்தேன். என் போன் இருட்டில் விழுங்கிவிட்டிருந்த ஒன்று அங்கே தெளிவாகத் தெரிந்தது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது கிழவனின் கை கதவை முழுக்கத் திறந்துவிடுகிறது. அவள் உள்ளே போயிருக்கலாம். அவளை அவன் எப்போதோ வீட்டில் சேர்த்துவிட்டான். அவள் சிரித்தது அதற்குத்தான்.

"எனக்குப் புரியலக்கா. நெசமாவே புரியல" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"அந்த வரிக்காக நாலு நாள் உக்காந்தேன். 'உள்ள வா'ன்னு போட்டுருவோமான்னுகூட நெனச்சேன். எல்லாருக்கும் சுளுவாப் புரியும்லா."

"ஐயோ, மாத்திராதீங்க."

"மாத்தல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "படம் எனக்குப் பிடிக்கல, அது வேற. முதல் ஒரு மணி நேரம் இழுவ" என்றார்.

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார்.

திரும்பி வரும் பேருந்தில் நின்றுகொண்டே இன்னொரு கருத்து எழுதினேன். நான் சொன்னது தவறு, எப்படித் தவறு, அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அவர் யாரென்று மட்டும் சொல்லவில்லை. சிலர்தான் படித்தார்கள். 'அக்கா பல்டி அடிச்சிட்டாங்க' என்றார் ஒருவர். முதலில் எழுதியது மட்டும் இன்றுவரை ஊர் சுற்றுகிறது.

இரண்டு வாரத்தில் அவர் அந்த ஒரு படத்தின் சப்டைட்டிலைத் திரும்பவும் போட்டார், ஒரு எழுத்தும் மாற்றாமல். மற்றவற்றைப் போடவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். மாதம் ஒருமுறை குற்றாலம் போகிறேன். அந்தப் பனி நடை அவ்வளவு நீளம் தேவையா என்று சண்டை போடுகிறோம். தேவை என்பது என் கட்சி.

போன வாரம் எங்கள் சென்டரில் கை எலும்பு பிசகிய ஒரு கல்லூரிப் பெண், துணைக்கு வந்தவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அந்த ரெண்டாம் பாகம் வேஸ்ட்டுட்டி. வாசல்லயே வெரட்டி விட்டுருதான். தென்காசிக்காரி ஒருத்தி கிழிச்சு எழுதிருக்கா, படிச்சியா?"

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

"நீ படம் பாத்தியாம்மா?" என்றேன்.

"இல்லக்கா."

"பெரிய திரையில பாரு. போன்ல பாக்காத."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பலகையில் அவள் கையை வைத்து, அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, நான் மறைப்புக்குப் பின்னால் போனேன்.