பாட்டுக்காரர் இல்லாத பின்வாசல்

ஓபரா அரங்கின் பின்வாசலில் வேலை செய்பவருக்குப் பாட்டு சுவருக்கு அந்தப்பக்கம். பாடுகிறவர்களின் தடிமனும் இருமலும் மட்டும் இந்தப்பக்கம். வரவேற்பு மேசைகளிலும் காவல் கதிரைகளிலும் இருந்து முதுகு நொந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ரொறொன்ரோ நகர நடுவில் ஒரு பழைய அரங்கில், பாடகரும் வாத்தியக்காரரும் நுழையும் கதவைப் பல வருஷமாகத் திறந்துவிடுகிறேன். இப்போது அரங்கைத் திருத்துகிறார்கள். குழுவினர் வடக்கே ஒரு வாடகை மண்டபத்தில் பாடுகிறார்கள். அந்த மண்டபத்துக்குச் சொந்தமாக ஒரு வாசல்காரர் இருப்பதால் என்னைத் தூசியோடு இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

கணவர் காலமானபிறகு வெக்ஸ்போர்ட் வீட்டில் என்னோடு கதைப்பது தொலைக்காட்சி மட்டும்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் இந்த வாசலால் வந்தவர்கள். ஆகவே எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அவர்கள் திரும்பி வரும்போது என் கதிரை இங்கே இருக்குமா?

விசில்

மேடையில் விசில் அடிக்கக்கூடாது என்பது அரங்குக்காரர்களின் பழைய பயம். அந்தக் காலத்தில் மேலே கயிறு இழுப்பவர்களுக்கு விசில்தான் சைகையாம். தெரியாமல் அடித்தால் திரையோ பாரமோ தலையில் வந்து விழுமாம். எனக்கும் அந்தப் பயம் தொற்றிவிட்டது.

ஒருநாள் மேடைப் பக்கம் இருந்து நல்ல கணீரென்ற விசில் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். சுவரோரம் கட்டிய சாரத்தின் மேல் நின்றது அஜின்கோர்ட்டிலிருந்து வேலைக்கு வருகிற கஜன். சுவருக்குப் பலகை அடிக்கிறவன், எனக்குப் பிள்ளை வயது. கயிற்றுக்காரர் கதையை முழுவதுமாகச் சொல்லி, அடிக்காதே தம்பி என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். கயிறும் இல்லை, திரையும் இல்லை, வெறும் இரும்புச் சட்டம்தான்.

"அன்ரி, இனி விழுறதுக்கு அங்க ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் நாங்கள்தானே இறக்கினனாங்கள்."

கால் பழக்கம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. கறுப்பு உடுப்பும் தோளில் வாத்தியப் பெட்டியுமாக வயலின் வாசிக்கிற பெரியவர் நின்றார். பகல் காட்சி வாடகை மண்டபத்தில். இவர் சுரங்க ரயிலில் ஏதோ யோசனையில் இருந்திருக்கிறார், கால் தன்பாட்டுக்குப் பழைய இடத்தில் இறங்கிவிட்டது. கையெழுத்துப் போட மேசையில் பேனாவைத் தேடும்போதுதான் தூசியைக் கண்டார்.

உடனே டாக்சிக்குப் போன் அடித்தேன். உள்ளதைச் சொன்னால், அவர் பிழையாக வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கிழமை முழுவதும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். டாக்சி வந்து ஹோர்ன் அடித்தும் ஒரு நிமிஷம் நின்றார்.

"அங்கே வாசலில் இருப்பவருக்கு இன்னும் என் பெயர் தெரியாது," என்றார்.

வரைபடம்

திருத்த வேலையின் மேற்பார்வையாளர் நல்ல பெடியன். வெளியே காற்று என்று ஒருநாள் வரைபடத்தை என் மேசையில் விரித்தார். நான் என் இடத்தைத் தேடினேன். கதவு இருந்தது. பக்கத்தில் அட்டை காட்டித் திறக்கிற பெட்டி ஒன்று. என் மேசை இருந்த இடத்தில் கோப்பி இயந்திரம் வரப்போகிறது. கதிரை எங்கே என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார், பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்.

"இந்த இடத்தில் முன்பு யாராவது இருந்தார்களா?"

பெயர் இல்லை

போன மாதம் ஒரு பாடகி வாடகை மண்டபக் காட்சிக்கு எனக்கு ரிக்கெற் அனுப்பியிருந்தார். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஓர் ஓபராவை முன்பக்கம் இருந்து முழுவதும் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அழுதேன். முடிந்ததும் எல்லோரையும் கண்டு கதைக்கலாம் என்று பின்வாசலுக்குப் போனேன்.

அங்கே இருந்த வாசல்காரர் மட்டக்களப்பு ஆள், என் வயதுதான் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லாமல் உள்ளே விட ஏலாது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். நான் யாரென்று சொன்னதும் எழும்பித் தன் கதிரையைத் தந்தார். அரைநாள் ஆளாக இருந்த தனக்குப் பாட்டுக்குழு வந்ததால்தான் முழுநாள் வேலை கிடைத்ததாம். அவர்கள் பழைய அரங்குக்குத் திரும்பினால் தன்னை நிற்பாட்டிவிடுவார்களாம். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உங்கட இடம் திறந்தாப்பிறகு வாசலுக்கு இன்னொரு ஆள் எடுப்பாங்களா?"

ஆக, பாட்டுக்காரர் வீடு திரும்பும் நாளில் காவலுக்கு அனுபவசாலிகள் இரண்டு பேர் தயாராக இருப்போம், காக்கத்தான் ஒரு வாசலும் இராது.